சுண்ணாம்பு அடித்த கூரை

மார்ச் 4

நெஞ்சுப் படபடப்புக்கு மாத்திரை கேட்டுப் போனேன். டாக்டர் மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்துவிட்டார். "எதெதுக்குப் பயப்படறீங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. எழுத எழுத அது சின்னதாயிரும்" என்றார். என் கையெழுத்தே சின்னதுதான். பார்ப்போம்.

இன்றைய பயம், எங்கள் பனியன் கம்பெனியின் கூரை.

தையல் ஹாலின் தகரக் கூரையில் நடுநடுவே தகரத்தைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் இறங்குகிற பைபர் ஷீட்டுகளைப் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், பகலில் கரண்டைக் குறைக்கச் சொல்லி மெயில் மேல் மெயில் போட்டதன் பலன். அந்த மெயில்களை முதலாளிக்குப் படித்துச் சொல்வது நான்தான். தீப்பிடித்தால் ஓடுகிற வழியில் அட்டைப்பெட்டி கிடக்கிறதா, மெஷினில் ஊசி உடைந்தால் துண்டு கிடைத்ததா, உயரத்தில் ஏறுகிறவர் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பதும் நான்தான். ஆபத்து எங்கிருந்து வரும் என்று தேடுவதற்குச் சம்பளம். பயந்தாங்கொள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் திருப்பூரில் கிடையாது.

காலையில் முதலாளி ஹாலின் நடுவில் வந்து நின்று, "எல்லாத்தையும் அமத்துங்கப்பா" என்றார். எலக்ட்ரீசியன் நாச்சிமுத்து ட்யூப் லைட்டுகளை வரிசை வரிசையாக அணைத்தார். ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. வெளிச்சம் குறைந்தால்தானே நிற்பதற்கு! பெண்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்து ஓவென்று கத்தினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். நூலின் நிறமே வேறு மாதிரி, நல்ல மாதிரியாகத் தெரிந்தது.

ஆனால் ஷீட் போட வந்த காண்ட்ராக்டரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அவர் சொன்ன பதில் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. "பூனை நடக்கலாமுங்க. ஆளு காலை வெச்சா நேரா கீழதான்." அதற்காகத்தான் மேலே ஒவ்வொரு ஷீட்டைச் சுற்றியும் சிவப்புப் பெயிண்டில் கோடு போட வைத்தேன். கோடு போட்ட பிறகும் காண்ட்ராக்டரிடம் அதையே இன்னும் இரண்டு தடவை கேட்டேன்.

"ஏனுங் மேடம், கேட்டதையே கேட்டா ஷீட்டு கெட்டியாயிருங்களா?" என்றார் நாச்சிமுத்து.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது.

மார்ச் 12

வெளிச்சம் ஹாலுக்குள் நகர்கிறது. காலையில் பேக்கிங் பக்கம், மத்தியானம் நடுவில், சாயங்காலம் சுவரோரம். நாச்சிமுத்து அதற்கேற்றபடி ஒயரிங்கையே பிரித்துவிட்டார். கூரை வெளிச்சம் விழுகிற வரிசைக்கு ஒரு சுவிட்ச், விழாத வரிசைக்கு ஒரு சுவிட்ச். மேகம் மறைத்தால் ஓடி வந்து போடுகிறார், விலகினால் ஓடி வந்து அணைக்கிறார். செக்கிங்கில் இருக்கும் தனபாக்கியம் அக்கா, எண்ணெய்க் கறையெல்லாம் தானாக வந்து கண்ணில் விழுகிறது என்கிறார். "இத்தன நாளா குருட்டாம்போக்குல பாத்துட்டு இருந்திருக்கறமுங்க."

எலுமிச்சை சாதம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. வீணாக்குவானேன் என்று நாச்சிமுத்துவிடம் கொடுத்தேன். மனைவி இறந்த பிறகு அவருக்குக் கேண்டீன் சாப்பாடுதான். கம்பெனியே அவரை அண்ணா என்று கூப்பிடுகிறது. நான் அப்படிக் கூப்பிடுவதில்லை. உத்தியோக முறைக்கு அது சரியாக வராது.

பயம்: ஸ்டோரில் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று காலாவதி. மாற்றச் சொல்லிவிட்டேன். வேறு இல்லை.

மார்ச் 13

எலுமிச்சை சாதம் இன்றும் அதிகமாகிவிட்டது. அம்மா, "அளவு மறந்து போச்சா உனக்கு?" என்றாள்.

மார்ச் 28

வெயில் ஆரம்பித்துவிட்டது. ஷீட்டுக்கு நேர் கீழே உட்காருகிறவர்களுக்கு உச்சந்தலை காய்கிறது. நேற்று தனபாக்கியம் அக்கா குடையை விரித்து நாற்காலியில் கட்டிக்கொண்டு துணி பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். இன்று ஹாலுக்குள் எங்கே பார்த்தாலும் குடை. சந்தைக்கடை மாதிரி இருந்தது.

மேனேஜர் குமரவேல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார். அவர் யோசித்தால் என் நோட்டில் ஒரு பக்கம் கூடும்.

ஏப்ரல் 7, திங்கள்

யோசித்துவிட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கம்பெனியில் யாரும் இல்லை. தன் வீட்டு மொட்டை மாடிக்கு வருடா வருடம் அடிக்கிற மாதிரி, சுண்ணாம்பில் பசை கலந்து தகரக் கூரைக்கு அடிக்கச் சொல்லி ஆள் விட்டிருக்கிறார். தகரத்துக்கு மட்டும்தான் சொன்னாராம். மருந்தடிக்கிற பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினவர்களுக்குத் தகரம் ஏது, ஷீட் ஏது? ஏணியில் நின்று, ஓரத்துத் தகரத்தில் நின்று, எட்டின மட்டும் பீய்ச்சியடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எல்லா இடத்துக்கும் எட்டியிருக்கிறது.

இன்று காலை ஹால் சினிமாக் கொட்டகை மாதிரி இருந்தது. எல்லா ட்யூப்பையும் போட்டோம். மேனேஜர், "ஒரு மழை பேஞ்சா கழுவீட்டுப் போயிரும்" என்றார். மிச்சம் கிடந்த ஷீட் துண்டு ஒன்றிலும் அவர்கள் அடித்திருந்தார்கள். நாச்சிமுத்து அதன் மேல் ஹோஸை வைத்துத் தண்ணீர் பீய்ச்சினார். ஒரு பொட்டுகூடக் கரையவில்லை. பசை கலந்தால் எப்படிக் கரையும்?

எல்லோரும் இருட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மத்தியானம் சாப்பிடும்போதுதான் உறைத்தது. சிவப்புக் கோடும் போய்விட்டது. தகரத்துக்கும் ஷீட்டுக்கும் ஒரே வளைவு, ஒரே ஆணி. இப்போது ஒரே வெள்ளை. இனி மேலே ஏறுகிறவருக்கு எதில் கால் வைக்கலாம் என்று தெரியாது.

டிபனை மூடி வைத்தேன். பழைய கம்பெனியில், கூரை ஒழுகுகிறது என்று ஆஸ்பெஸ்டாஸ் மேல் ஒருவர் ஏறினார். நான் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் விழுந்த சத்தத்தை இந்த நோட்டில் எழுதமாட்டேன். டாக்டர் சொன்னாலும் எழுதமாட்டேன்.

ஏப்ரல் 8

தூக்கமில்லை. காரணம் நேற்று எழுதியதுதான்.

ஏப்ரல் 15

நேற்று வருடப்பிறப்பு. அம்மா புது ராசிபலன் புத்தகத்தை வாங்கி வந்து, என் பக்கத்தைப் படித்துவிட்டு, சட்டென்று மூடி வைத்தாள்.

எட்டு மாதம்தான் என் கல்யாணம். பல்லடம் ரோட்டில் லாரி. இழவு வீட்டில் மாமியார் என் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, "எம்பையனை முழுங்கீட்டாளே" என்று கத்தினார். பதினோரு வருடம் ஆகிவிட்டது. அம்மா அப்போதும் மறுத்துப் பேசவில்லை, இப்போதும் பேசுவதில்லை. என் ராசி அப்படித்தான் என்று அவளும் நினைக்கிறாள்.

நான் நம்பவில்லை. படித்தவள் நான்.

இன்று டிபன் ஒருவருக்கு மட்டும்தான் கட்டினேன். நாச்சிமுத்து கேண்டீனில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 22

வெளிநாட்டுக்காரர்களின் மெயில் வந்துவிட்டது. மே எட்டாம் தேதி ஆட்கள் வருகிறார்கள். ட்யூப் லைட் இல்லாமல் கூரை வெளிச்சத்தில் ஹால் ஓடுவதை நேரில் பார்த்து, மீட்டர் வைத்து அளக்கப் போகிறார்களாம். அடுத்த வருட ஆர்டரே அதைப் பொறுத்துத்தான். முதலாளிக்கு நானே படித்துக் காட்டினேன்.

"நாச்சிமுத்துவைக் கம்பி பிரசோட ஏத்தி உட்டா ரெண்டே நாள்ல சொரண்டிப் போடுவாருங்க" என்றார் மேனேஜர், காபி வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

"முடியாதுங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. உயரத்தில் ஏறுகிற வேலைக்கு என் கையெழுத்து வேண்டும். கீழே வலை கட்டாமல், மேலே பலகை போடாமல், பெல்ட் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். மேனேஜர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "அந்தம்மா சொல்றதும் சரிதான். கோயமுத்தூர்ல சொல்லி வலை வாங்குங்க" என்றார்.

வெளியே வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 24

கரண்ட் ரூமுக்கு நானே போனேன். எமர்ஜென்சி லைட் பரிசோதனை இருந்தது.

"கோகிலவாணி மேடம் என்னையக் கூரைல ஏற உட மாட்டீங்கறாங்கன்னு கம்பெனி பூராப் பேச்சுங்க" என்றார்.

"யாரையும் விட மாட்டேன்."

"நான் முன்ன நின்னு போட்ட ஷீட்டுங்க. எனக்குத் தெரியாதுங்களா? மூணு தகரத்துக்கு ஒரு ஷீட்டு. எண்ணீட்டே போனாப் போச்சு."

"கட்டிங் டேபிளுக்கு மேல ரெண்டு ஷீட் பக்கத்துல பக்கத்துல இருக்குதுங்க. வெளிச்சம் பத்தலைன்னு மாஸ்டர் கேட்டு, அப்புறமாப் போட்டது."

விரல் விட்டு எண்ணினார். "அட, ஆமாங்க" என்றார்.

பார்த்தீர்களா, "அட" என்கிறார்! போட்ட மனிதரே மறந்திருக்கிறார். "ஏறாதீங்க" என்றேன். "மேனேஜர் சொன்னாலும் ஏறாதீங்க."

"ஏனுங்க, எனக்காக இத்தன பயந்துக்கறீங்க?"

விபத்து நடந்தால் கம்பெனிக்குக் கெட்ட பெயர், ஆர்டர் போய்விடும், பலர் வேலை போகும் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் உண்மையான காரணங்கள்.

மே 2

வலை வரவில்லை.

மே 5

வலை வந்தது. பச்சை வலை. நர்சரியில் செடிக்கு நிழல் கட்டுகிற வலை! தனபாக்கியம் அக்கா ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், கிழிந்து கையோடு வந்தது. "இதுல கொசு வுழுந்தாத் தாங்குமுங்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. திருப்பி அனுப்பச் சொன்னேன். வேறு வலை வர ஒரு வாரம் ஆகுமாம். ஒரு வாரத்தில் ஆட்கள் வந்து போயே விடுவார்கள்.

"அப்ப மழை வரட்டும்னு சாமி கும்புடுவோம்" என்றார் மேனேஜர். அவர் இவ்வளவு சாதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. நல்லதுதான்.

மே 6

புளிசாதம் அதிகமாகிவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தேன். "வயிறு சரியில்லைங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். புதிதாகக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். எப்போதும் செருப்புதானே என்று கேட்டேன். கால் வலியாம். இந்த வெயிலில் வயிறும் கெடும், காலும் வலிக்கும். மோர் குடிக்கச் சொன்னேன்.

முதலாளி சென்னைக்குப் போயிருக்கிறார். நாளை இரவு வருகிறார்.

பயம்: இருக்கிறது. எதைப் பற்றி என்று பிடிபடவில்லை.

மே 7, புதன்

எழுத்து கோணலாக வந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஹாலில் எல்லா ட்யூப்பும் எரிந்துகொண்டிருந்தன. கட்டிங் மாஸ்டர் ரபீக் என்னைக் கூப்பிட்டு, டேபிளில் விரித்திருந்த கருநீலத் துணியைக் காட்டினார். மேலே வெள்ளைத் தூள் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு. கூரையில் காற்றாடி சுற்றுவதற்காக விட்ட ஓட்டை வழியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

ஹோஸ் தண்ணீருக்கே கரையாத சுண்ணாம்பு தானாக எப்படி உதிரும்?

"யாரு மேல?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? நாச்சிமுத்தண்ணனுங்க. பின்பக்கத்துல இருந்து சொரண்டீட்டு வர்றாரு. நாளைக்கு ஆளு வர்றாங்கன்னு மேனேஜர் காலைல ஏத்தி உட்டாருங்க. மேடம் கையெழுத்துப் போட்டாச்சுன்னாரே?"

நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அது கரண்ட் ரூமில் மாட்டியிருந்த அவருடைய சட்டைப் பைக்குள் கிடந்தது. ஏணி கட்டிடத்தின் பின்கோடியில் இருந்தது. நான் அங்கே ஓடிப் போய்ச் சேருவதற்குள் அவர் எங்கே கால் வைப்பாரோ! அண்ணாந்து பார்த்தேன். ட்யூப் வெளிச்சம் கண்ணைக் குத்தியது, அதற்கு மேலே வெறும் கறுப்பு. கத்தினேன். அத்தனை மெஷின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மெயின் போர்டுக்கு ஓடிக் கைப்பிடியைக் கீழே இழுத்தேன்.

மெஷின்கள் முனகிக்கொண்டு நின்றன. ஹால் இருண்டது. யாரோ வீலென்று கத்தினார்கள். பிறகு கண் பழகியது. கூரையில், அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில், நீள நீளமாகக் கட்டங்கள் தெரிய ஆரம்பித்தன. சுண்ணாம்பு மூடினாலும் பகல் வெளிச்சம் முழுதாக நின்றுவிடவில்லை. எது ஷீட், எது தகரம் என்று கீழே இருக்கிற எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மேலே இருக்கிற ஒருவருக்குத்தான் தெரியவில்லை.

கட்டிங் டேபிளுக்கு மேலே அந்த இரண்டு ஷீட்டும் ஒட்டி ஒட்டி இருந்தன. முதல் ஷீட்டில் ஒரு பாதி சுரண்டிப் பளிச்சென்று இருந்தது. அதன் ஓரத்தில் அவர் நிழல் குந்தியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்தது. இந்தப் பக்கம் சுரண்டியாயிற்று, சுற்றி வந்து அந்தப் பக்கத்திலிருந்து மிச்சத்தைச் சுரண்ட வேண்டும். அவருடைய கணக்கில் அந்தப் பக்கம் தகரம். மூன்று தகரத்துக்கு ஒரு ஷீட் அல்லவா? நான் சொன்னதை மறுபடி மறந்திருக்கிறார். நிழல் கூரைச் சரிவில் மேலேறி மறைந்து, சுற்றிக்கொண்டு இரண்டாவது ஷீட்டின் விளிம்புக்கு வந்தது.

"நாச்சிமுத்து! நில்லு! காலை வெக்காதே!"

இருபது வருட உத்தியோகத்தில் நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மெஷின் இல்லாத ஹாலில் என் குரல் கூரையில் போய் முட்டியது. நிழல் திடுக்கிட்டு நின்றது. உடம்பு நின்றுவிட்டது. ஒரு கால் மட்டும் நிற்கவில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் தலைக்கு மேலே, வெயில் பட்டையாக இறங்க, அதன் நடுவே தொடை வரைக்கும் ஒரு கால் தொங்கியது.

செத்தார் என்றே நினைத்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் சோறு கட்டிக் கொடுத்ததால்தான் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

"அசையாதே! காலை இழுக்காதே! அப்படியே படு!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். இடது வலது சொன்னால் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் குழம்பும். திசை சொன்னேன். "வடக்க சாயி! வடக்க தகரம்! கெழக்க வராதே!" அவர் வடக்கே சாய்ந்தார். மார்பு தகரத்தில் மோதிய சத்தம் கேட்டது.

யாரும் சொல்லாமலே பெண்கள் வெட்டுத் துணி மூட்டைகளைத் தூக்கி வந்து டேபிள் மேல் போட ஆரம்பித்தார்கள். பேக்கிங்கில் அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்த பனியன்களையும் கொட்டினார்கள். மேனேஜர் ஓடி வந்து, "எவன்டா மெயினை அமத்துனது? ஷிப்மென்ட் இருக்குது!" என்று போர்டைப் பார்த்துப் போனார்.

"அக்கா, உடாதீங்க! லைட்டைப் போட்டா அவரு எங்கிருக்கறாருன்னு எனக்குத் தெரியாது!"

தனபாக்கியம் அக்கா நூல் வெட்டுகிற கத்தரியோடு போர்டுக்கு முன்னால் போய் நின்றார். "கிட்ட வந்து பாருங்க" என்றார். மேனேஜர் அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தார். பார்த்தபின் போர்டை விட்டு விலகினார்.

நாச்சிமுத்து காலை மெல்ல மெல்ல வெளியே எடுத்தார். ஷூ கழன்று மூட்டை மேல் விழுந்தது. ரத்தமும் விழுந்தது. கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டம் எது என்று எனக்குக் கீழிருந்து தெரியும். அதன் மேலேயே ஆணி வரிசை ஓடும். "ஆணியத் தடவு. ஆணி மேலயே தவழ்ந்து மேக்க போ. இன்னும் போ. இப்பப் பக்கத்துல ஷீட்டு, கையை நீட்டாதே. போ." அவருடைய நிழல் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் வந்து, கடந்து, மறைந்தது. பின்கோடியில் ரபீக் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "புடிச்சுட்டனுங்க!" என்று கத்திய பிறகுதான் வாயை மூடினேன். தொண்டையில் ரத்த ருசி.

அவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கிட்டே போகவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அதே வண்டியில் போனேன். நர்ஸ், "நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டாள். வாயைத் திறந்தேன். "கம்பெனிங்க" என்றேன். "சொந்தக்காரங்க மட்டும் உள்ள வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். அவருடைய அக்கா அவிநாசியிலிருந்து வந்து சேரும் வரைக்கும் வெளியிலேயே நின்றேன். எலும்பு முறியவில்லை. தொடையில் நீளமாகத் தையல். அவ்வளவுதான். அவ்வளவேதான்.

மே 8

ஆட்கள் வந்தார்கள். மீட்டர் வைத்து அளக்க வந்த பெண்மணி கூரை ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் அதன் வழியே கட்டிங் டேபிளில் விழுந்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார். முதலாளியையும் மேனேஜரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து இல்லாமல் ஏற்றியதையும் சொன்னேன்.

முதலாளி அதற்கப்புறம் தொழிலாளிகள் முன்னால் வந்து, சரியான வலையும் பலகையும் வரும் வரை யாரும் மேலே ஏறக் கூடாது என்றார். ஆர்டர் வருமா என்பது தெரியாது. எனக்கு வேலை இருக்குமா என்பதும் தெரியாது. அந்தப் பயத்தை எழுத இன்று தெம்பில்லை.

மே 11, ஞாயிறு

நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். மருந்துச் சீட்டில் கம்பெனி சீல் வைக்க வேண்டியிருந்தது. அதைத் திங்கட்கிழமை யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். நானே போனேன்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார். ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மன்னிச்சுக்கங்க மேடம். பொய் சொல்லிப் போட்டேன். வயிறெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "உங்ககிட்டச் சோறு வாங்கித் தின்னுட்டு அடுத்த நாள் மேல ஏறுனா நாயமில்லைன்னுதான் வேண்டாம்னேன்."

நான் திட்டத்தான் போயிருந்தேன். மூன்று நாளாகத் திட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"நீங்க உழுந்திருந்தா, நான் என்ன முறை சொல்லி அழுதிருப்பேனுங்க? உங்க அக்கா தம்பின்னு அழுவாங்க. கம்பெனி பூரா அண்ணான்னு அழும். நான்? அந்தக் கதவுக்கு வெளிய நின்னுட்டு, என்னன்னு சொல்லி அழுதிருப்பேன்?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

அவர் தொடைக் கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றார்.

"மேல ஏறுனப்ப இல்லாத பயமா?"

"அப்பத் தெரியாதுங்களே. உழுந்தா உழுந்துட்டுப் போறேன், கேக்கறதுக்கு யாரு இருக்கறான்னுதான் எத்தனையோ தடவ ஏறியிருக்கறேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கீழ நீங்க நின்னுட்டுக் கத்துனதைக் கேட்டுட்டேன். இனி எப்படிங்க ஏறுவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய அக்கா காபியோடு வாசலில் வந்து நின்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.